மூன்று கிளை, ஒரே டாலி: சர்வரை எங்கே வைப்பது?

நூல்கண்டு (திருப்பூர்)

எல்லோருக்கும் வணக்கம். நாங்கள் பின்னலாடை ஏற்றுமதி செய்யும் சின்ன பிரைவேட் லிமிடெட் கம்பெனி. தலைமை அலுவலகமும் தையல் யூனிட்டும் திருப்பூரில், 22 கணினிகள். பெருந்துறை சிப்காட்டில் சாயம், பிராசஸிங், அங்கே 9. தூத்துக்குடியில் ஷிப்பிங் வேலைக்கு ஒரு சிறிய அலுவலகம், 4 பேர்.

இப்போது மூன்று இடத்திலும் தனித்தனி டாலி (கணக்கு மென்பொருள்). பெருந்துறைக் கணக்கைப் பென் டிரைவில் கொண்டுவந்து ஞாயிற்றுக்கிழமை திருப்பூரில் சேர்க்கிறோம். தூத்துக்குடிக்காரர்கள் வாட்ஸ்அப்பில் எக்செல் அனுப்புவார்கள். போன மாதம் ஒரே ஜாப் ஒர்க் செலான் (வெளி வேலைக்கு அனுப்பும் சரக்குச் சீட்டு) இரண்டு முறை பதிவாகி, அதைக் கண்டுபிடிக்க மூன்று நாள் ஆனது.

ஒரு வேண்டர் வந்து பார்த்துவிட்டு மூன்று இடத்துக்கும் மூன்று சர்வர், நடுவில் வி.பி.என். (இணையத்தின் வழியே கிளைகளை இணைக்கும் தனிப் பாதை), தரவு தானாக ஒத்திசையும் என்று கொட்டேஷன் தந்திருக்கிறார். எங்கள் கையில் இருப்பது 6 லட்சம். முதலாளி என்னைக் கேட்கிறார். நான் ஐ.டி. படித்தவன் இல்லை, கணக்குப் பிரிவில் இருந்துகொண்டு கணினியையும் பார்த்துக்கொள்பவன். வழி சொல்லுங்கள்.

பழைய அட்மின் (கோவை)

மூன்று சர்வர் வேண்டாம் தம்பி. அந்தக் கொட்டேஷனுக்கு இப்போதைக்குப் பதில் அனுப்பாதீர்கள்.

டாலி வேலை செய்யும் விதத்தை முதலில் பாருங்கள். அதன் தரவு ஒரு ஃபோல்டருக்குள் கோப்புகளாக இருக்கிறது. ஒரு அறிக்கையைத் திறந்தால் உங்கள் கணினி அந்தக் கோப்புகளிலிருந்து சின்னச் சின்னத் துண்டுகளாக ஆயிரக்கணக்கான முறை படிக்கும். ஒரே கட்டடத்துக்குள் ஒரு முறை போய்வர 1 மில்லி செகண்டுக்கும் குறைவு, அதனால் தெரியாது. தூத்துக்குடியிலிருந்து வி.பி.என். வழியாக ஒரு முறைக்கு 25 மில்லி செகண்ட் ஆகிறது என்று வையுங்கள். 5,000 முறை போய்வந்தால் 125 செகண்ட். லைன் 100 எம்.பி.பி.எஸ். வாங்கினாலும் 300 வாங்கினாலும் இந்த 125 குறையாது, ஏனென்றால் இங்கே பிரச்சினை தூரம், அகலம் இல்லை. பாதியில் லைன் விட்டுப்போனால் தரவே கெட்டுப்போகும்.

சரி, மூன்று இடத்திலும் பிரதி வைத்து ஒத்திசைத்தால்? திறந்திருக்கும் கணக்குக் கோப்பை இரண்டு இடத்தில் ஒரே நேரம் மாற்றினால் கடைசியாக எழுதியவருடையது நிற்கும், மற்றது போய்விடும். விண்டோஸில் கோப்புகளை ஒத்திசைக்க இருக்கும் டி.எஃப்.எஸ். ரெப்ளிகேஷனும் அப்படித்தான், இரண்டு இடத்துக்கும் பொதுவான பூட்டு அதில் கிடையாது. டாலிக்குள்ளேயே இருக்கும் ஒத்திசைவு வசதி வேறு விஷயம். ஆனால் அதை நம்பினால் இன்றைக்கு ஞாயிற்றுக்கிழமை பார்க்கும் அதே ஒப்பீட்டு வேலையைத் தினமும் பார்ப்பீர்கள்.

தரவு ஓர் இடத்தில் இருக்கட்டும், ஆட்கள் அதனிடம் வரட்டும். திருப்பூரில் ஒரு சர்வர். பெருந்துறையும் தூத்துக்குடியும் ரிமோட் டெஸ்க்டாப்பில் உள்ளே வந்து வேலை செய்யட்டும். அப்போது லைனில் போவது திரையின் படமும் விசைப்பலகைத் தட்டலும் மட்டுமே. லைன் அறுந்தாலும் வேலை சர்வரில் அப்படியே திறந்து நிற்கும், திரும்ப இணைந்ததும் விட்ட இடத்திலிருந்து தொடரலாம். டாலியில் கோல்டு உரிமம் மட்டும் வாங்கிக்கொள்ளுங்கள், சில்வரில் பலர் ஒரே நேரம் நுழைய முடியாது.

மேகத்துக்காரன் (சென்னை)

அண்ணன் சொன்ன ஒரே இடம், ரிமோட் டெஸ்க்டாப் இரண்டையும் ஒப்புக்கொள்கிறேன். ஆனால் அந்த ஓர் இடம் ஏன் திருப்பூராக இருக்க வேண்டும்? கிளவுடில் (இணையத்தில் வாடகைக்குக் கிடைக்கும் சர்வரில்) வையுங்கள். அமேசானுக்கு மும்பையிலும் ஹைதராபாத்திலும் இருக்கிறது. மைக்ரோசாஃப்ட் அஸூருக்குச் சென்னையிலேயே 2015 முதல் இருக்கிறது. மின்தடை, யு.பி.எஸ்., டிஸ்க் போனது என்று எந்தத் தொல்லையும் இல்லை. திருப்பூரில் லைன் போனால் திருப்பூர் மட்டும் நிற்கும். பழைய அட்மின் சொல்வதுபோலச் செய்தால் திருப்பூர் லைன் போகும்போது மற்ற இரண்டு ஊரும் சேர்ந்தே நிற்கும்.

பழைய அட்மின் (கோவை)

நல்ல கேள்வி. பத்துப் பத்துப் பேராக ஐந்து ஊரில் இருந்தால் நானும் கிளவுட் என்றுதான் சொல்வேன். இவர்களிடம் 35 பேரில் 22 பேர் ஒரே கட்டடத்தில் இருக்கிறார்கள். சர்வர் அங்கே இருந்தால் இணையம் இல்லாத நேரத்திலும் அந்த 22 பேர் வேலை செய்யலாம். கிளவுடில் வைத்தால் ஒரு ஜே.சி.பி. சாலையைத் தோண்டினாலே தலைமை அலுவலகம் மொத்தமும் கையைக் கட்டிக்கொண்டு உட்கார வேண்டும். 24 மணி நேரமும் ஓடும் விண்டோஸ் சர்வருக்கு மாத வாடகை வேறு.

மின்னஞ்சலை மட்டும் எந்தக் காரணத்துக்காகவும் சொந்த சர்வருக்குக் கொண்டுவராதீர்கள். அது கிளவுடிலேயே இருக்கட்டும். இதில் நானும் மேகத்துக்காரரும் ஒரே பக்கம்.

நூல்கண்டு, இரண்டு கேள்விக்கு முதலாளியிடம் பதில் வாங்கி வாருங்கள். சர்வர் மொத்தமாகப் போய்விட்டால் எத்தனை மணி நேரம் தாங்குவீர்கள்? எவ்வளவு நேரத்து வேலையைத் திரும்பத் தட்டச்சு செய்யச் சம்மதம்? இது தெரியாமல் எந்தப் பெட்டி வாங்குவது என்று என்னால் சொல்ல முடியாது.

நூல்கண்டு (திருப்பூர்)

முதலாளியிடம் கேட்டேன். சாதாரண நாளில் அரை நாள் தாங்கலாம் என்றார். 11-ம் தேதி, 20-ம் தேதி என்றால் இரண்டு மணி நேரம்கூடக் கஷ்டம், ஜி.எஸ்.டி. தாக்கல். வெசல் கட்-ஆஃப் நாளில் (கப்பலுக்குச் சரக்கு ஒப்படைக்கும் கடைசி நாள்) தூத்துக்குடி நிற்கவே கூடாது. ஒரு நாள் வேலையைத் திரும்பப் பதிவு செய்யலாம், அதற்கு மேல் முடியாது.

விட்டுப்போனதையும் சொல்கிறேன். டாலி தொடுபவர்கள் 14 பேர். சம்பள மென்பொருள் தனி, எஸ்.க்யூ.எல். தரவுத்தளத்தில் ஓடுகிறது. வருகைப் பதிவுக் கருவி மூன்று இடத்திலும் இருக்கிறது. பேட்டர்ன், மார்க்கர், சாம்பிள் படங்கள் எல்லாம் சேர்ந்து ஏறக்குறைய 900 ஜி.பி. பெருந்துறையில் மூன்று ஷிஃப்டிலும் ஒரே கணினியில் ஆள் மாறி மாறி உட்காருவார்கள்.

நெட்வொர்க் தம்பி (ஈரோடு)

லைன் பக்கம் நான் சொல்கிறேன் அண்ணா.

முதலில் ஐ.பி. முகவரி, அதாவது நெட்வொர்க்கில் ஒவ்வொரு கருவிக்கும் உள்ள எண். மூன்று இடத்திலும் ரவுட்டர் வந்தபடியே 192.168.1 என்றுதான் இருக்கும், பந்தயமே கட்டலாம். அப்படி இருந்தால் வி.பி.என். போட்டதும் எது எந்த ஊர் என்று ரவுட்டருக்குத் தெரியாது. திருப்பூருக்கு 10.10.1, பெருந்துறைக்கு 10.20.1, தூத்துக்குடிக்கு 10.30.1 என்று இப்போதே மாற்றுங்கள். சர்வர் வந்தபிறகு மாற்றினால் பிரிண்டர், வருகைக் கருவி, கேமரா என்று ஒவ்வொன்றாகத் தொட வேண்டியிருக்கும். கேமராக்களைத் தனி வி-லேனில் (பிரித்து வைத்த உள் நெட்வொர்க்) போடுங்கள், வி.பி.என்.னுக்குள் விடவே விடாதீர்கள். லைனை அதுவே தின்றுவிடும்.

அடுத்து, வீட்டு ஃபைபர் இணைப்பில் பெரும்பாலும் உங்களுக்கென்று பொது ஐ.பி. இருக்காது, பலருக்கும் சேர்த்து ஒன்றைத்தான் பகிர்ந்து தருவார்கள். மூன்று இடத்துக்கும் ஸ்டாடிக் (மாறாத) ஐ.பி. வாங்க வேண்டாம், திருப்பூருக்கு ஒன்று போதும். மற்ற இரண்டு ஊரும் திருப்பூரை அழைக்கும்படி வயர்கார்டு என்ற வி.பி.என். போடலாம். அது 2020-லிருந்து லினக்ஸ் கெர்னலுக்குள்ளேயே இருக்கிறது, மைக்ரோடிக் ரவுட்டரில் 7-ம் பதிப்பிலிருந்து வருகிறது, ஓ.பி.என்.சென்ஸ் என்ற ரவுட்டர் மென்பொருளிலும் உண்டு. கிளைப் பக்கம் கீப்-அலைவ் 25 செகண்ட் என்று வைக்க மறக்காதீர்கள், இல்லையென்றால் சும்மா இருக்கும் நேரத்தில் பாதை மூடிக்கொள்ளும்.

திருப்பூருக்கு இரண்டு லைன் கட்டாயம். இரண்டு கம்பெனியிடம் வாங்கினால் மட்டும் போதாது, இரண்டும் ஒரே கம்பத்தில் வருகிறதா என்று வெளியே போய் அண்ணாந்து பாருங்கள். ஒரே கம்பம் என்றால் ஒரே லாரி இரண்டையும் அறுத்துவிடும். எங்கள் தெருவில் அதுதான் நடந்தது. இரண்டாவது பாதை வேறு தெருவில் வர வேண்டும், முடியாவிட்டால் 4ஜி அல்லது 5ஜி ரவுட்டர். அந்த இரண்டாவது லைனிலும் வெளியிலிருந்து உங்களை எட்டக்கூடிய ஐ.பி. கிடைக்குமா என்று வாங்கும்போதே கேளுங்கள். கிடைக்காவிட்டால் ஒரு சின்ன கிளவுட் சர்வரை வயர்கார்டு சந்திப்பிடமாக வைத்து மூன்று ஊரும் அதை அழைக்கும்படி செய்யலாம்.

ஒன்று மட்டும் கெஞ்சிக் கேட்கிறேன். அவசரத்துக்கு என்று ரிமோட் டெஸ்க்டாப்பின் 3389 போர்ட்டை (உள்ளே வரும் வாசலின் எண்) இணையத்துக்கு நேராகத் திறக்காதீர்கள். எண்ணை மாற்றி வைத்தாலும் தேடும் நிரல்கள் கண்டுபிடித்துவிடும்.

பஞ்சு மில் (பல்லடம்)

தம்பி சொன்ன கடைசி வரி எங்கள் கம்பெனியில் நடந்த கதை. தீபாவளி லீவில் வீட்டிலிருந்து பார்க்க வசதியாக இருக்கும் என்று எங்கள் சர்வீஸ் ஆள் அந்த போர்ட்டைத் திறந்துவிட்டுப் போனார். திரும்பி வந்து பார்த்தால் எல்லாக் கோப்புக்கும் பின்னால் ஏதோ ஒரு பெயர் ஒட்டியிருக்கிறது, ஒன்றும் திறக்கவில்லை. பேக்கப் இருந்தது. ஆனால் அது அதே சர்வரில் செருகியிருந்த யு.எஸ்.பி. டிஸ்க், உள்ளே நுழைந்தவர்கள் அதையும் பூட்டிவிட்டார்கள். ஆடிட்டரிடம் நான்கு மாதத்துக்கு முந்தைய பிரதி ஒன்று இருந்தது, அதிலிருந்து பில் புத்தகங்களை வைத்து நான்கு மாதக் கணக்கைத் திரும்ப ஏற்றினோம். அந்த நாட்களில் எங்கள் கணக்குப் பிரிவுப் பெண்கள் இரவு ஒன்பது மணி வரை உட்கார்ந்திருந்தது இன்னும் என் கண்ணில் நிற்கிறது. அதனால்தான் இவ்வளவு நீளமாக எழுதுகிறேன்.

பேக்கப் வைக்கும் நாஸ் பெட்டியை (நெட்வொர்க்கில் இணையும் டிஸ்க் பெட்டி) பெருந்துறையில் வையுங்கள். அதை விண்டோஸ் டொமைனில் (எல்லோருடைய பயனர் கணக்கையும் ஓரிடத்தில் நிர்வகிக்கும் அமைப்பு) சேர்க்காதீர்கள், பயனர் பெயரும் கடவுச்சொல்லும் முற்றிலும் வேறாக இருக்கட்டும். சர்வர் போய் நாஸில் எழுதுவதைவிட நாஸ் வந்து சர்வரிலிருந்து எடுத்துக்கொள்வது நல்லது. சர்வர் மாட்டிக்கொண்டாலும் அதன் கையில் நாஸின் சாவி இருக்காது. நாஸில் ஸ்னாப்ஷாட் (அந்தந்த நேரத்து நிலையின் பதிவு) போட்டு 30 நாள் வையுங்கள். அதற்கு மேல் இரண்டு யு.எஸ்.பி. டிஸ்க், வாரம் ஒன்றாக மாற்றி, ஒன்று எப்போதும் கட்டடத்துக்கு வெளியே. ரெய்டு (இரண்டு டிஸ்க்கிலும் ஒரே தரவை எழுதும் மிரர்) போட்டிருக்கிறோமே என்று யாராவது சொல்வார்கள். ரெய்டு ஒரு டிஸ்க் செத்தால் காப்பாற்றும். நீங்களே தவறுதலாக அழித்தால் இரண்டு டிஸ்க்கிலும் சேர்த்தே அழிக்கும்.

900 ஜி.பி.யை முதல் முறை லைனில் அனுப்ப முயலாதீர்கள். 50 எம்.பி.பி.எஸ். அப்லோடு முழுசாகக் கிடைத்தாலும் 40 மணி நேரம். நாஸைத் திருப்பூருக்கே கொண்டுவந்து, பக்கத்தில் வைத்து ஒரு பிரதி எடுத்து, காரில் பெருந்துறைக்குக் கொண்டுபோங்கள். அப்புறம் தினமும் மாறுவது 5 ஜி.பி. என்றால் கால் மணி நேரத்துக்குள் முடிந்துவிடும்.

இன்னொன்று, இது வெளியூர்க்காரர்களுக்குத் தெரியாது: பஞ்சுத் தூசி. நிட்டிங், ஓவர்லாக் ஓடும் தளத்தில் சர்வரை வைத்தால் விசிறிக்குள் பஞ்சு கம்பளி மாதிரிப் படிந்துவிடும். நான் கழற்றிப் பார்த்திருக்கிறேன், ஹீட்-சிங்க் இடைவெளி எதுவும் தெரியவில்லை, மொத்தமாக அடைத்திருந்தது. கணக்கு அறைக்குள் கதவு மூடும் இடத்தில் வையுங்கள், மாதம் ஒரு முறை நிறுத்தி புளோயர் அடியுங்கள். தையல் மோட்டார்களும் சர்வரும் ஒரே ஃபேஸில் வேண்டாம். நியூட்ரலுக்கும் எர்த்துக்கும் நடுவில் 2 வோல்ட்டுக்கு மேல் காட்டினால் சர்வர் வருவதற்கு முன்பே எலக்ட்ரீஷியனைக் கூப்பிட்டு எர்த் குழியைச் சரி செய்யுங்கள்.

மாதாந்திரப் பராமரிப்பு மின்தடை காலை 9 மணிக்குப் போனால் மாலைதான் வரும், எந்த யு.பி.எஸ்.ஸும் அவ்வளவு தாங்காது. ஜெனரேட்டர் எடுக்கும் வரை ஓட்டுவதற்கு ஆன்லைன் யு.பி.எஸ்., ஜெனரேட்டரும் வராவிட்டால் சர்வரைத் தானாக ஒழுங்காக அணைப்பதற்கு யு.பி.எஸ்.ஸிலிருந்து சர்வருக்கு யு.எஸ்.பி. கேபிள். பல இடங்களில் அந்தக் கேபிள் அட்டைப்பெட்டிக்குள்ளேயே கிடக்கிறது.

கணக்குப்பிள்ளை (சேலம்)

ஆடிட்டர் அலுவலகத்தில் இருக்கிறேன். பிரைவேட் லிமிடெட் என்று சொன்னதால் சில விஷயங்கள்.

ஏப்ரல் 1, 2023 முதல் கம்பெனிகள் பயன்படுத்தும் கணக்கு மென்பொருளில் யார் எப்போது எதை மாற்றினார்கள் என்ற தடம் பதிவாக வேண்டும், அதை அணைக்க முடியாதபடியும் இருக்க வேண்டும். டாலியில் எடிட் லாக் பதிப்பு இதற்குத்தான். ஆகவே ஆளுக்கொரு டாலி பயனர் பெயர் கொடுங்கள். 14 பேரும் ஒரே பெயரில் நுழைந்தால் தடம் இருந்தும் பயனில்லை. கம்பெனிக் கணக்கு விதிகளின் 2022 ஆகஸ்ட் திருத்தப்படி கணக்குப் புத்தகங்களின் பேக்கப் தினமும் இந்தியாவுக்குள் இருக்கும் சர்வரில் எடுக்கப்பட வேண்டும். பெருந்துறை நாஸ் இதற்குப் பொருந்தும். சர்ட்-இன் (இந்திய அரசின் கணினிப் பாதுகாப்பு அமைப்பு) ஏப்ரல் 28, 2022-ல் போட்ட உத்தரவுப்படி கணினிப் பதிவுகளை 180 நாள் வைத்திருக்க வேண்டும், தாக்குதல் நடந்தால் தெரிந்த 6 மணி நேரத்துக்குள் அவர்களுக்குச் சொல்ல வேண்டும். ரவுட்டர், சர்வர் இரண்டின் பதிவுகளையும் நாஸில் கொட்டி வையுங்கள்.

மூன்று ஊரும் தமிழ்நாட்டுக்குள் இருப்பதால் உங்களுக்கு ஒரே ஜி.எஸ்.டி. எண்தான் இருக்கும். டாலியிலும் ஒரே கம்பெனியாக வைத்து, கிளைக்கு ஒரு வவுச்சர் வகை, தனி எண் வரிசை கொடுங்கள். செலானுக்குப் பல வரிசை வைத்துக்கொள்ள விதி அனுமதிக்கிறது, எண் 16 எழுத்துக்குள் இருந்தால் போதும். இரண்டு முறை பதிவான அந்தச் செலான் பிரச்சினை இதிலேயே பாதி தீரும்.

பெருந்துறையில் லைன் போனால் லோடு நிற்கக் கூடாது அல்லவா? அச்சடித்த செலான் புத்தகம் ஒன்று தனி வரிசையில் கேட்டிலேயே இருக்கட்டும். இ-வே பில்லை மொபைலில் போட்டுக்கொள்ளலாம். லைன் வந்ததும் அதே எண்ணில் டாலியில் ஏற்றுங்கள்.

மார்ச் கடைசி வாரத்தில் மாற்றாதீர்கள், இது என் தனிப்பட்ட வேண்டுகோள்.

துறைமுகத்தான் (தூத்துக்குடி)

டிஜிட்டல் கையெழுத்து டோக்கன் பற்றி யாரும் சொல்லவில்லை. ஐஸ்கேட் (சுங்கத்துறையின் இணையதளம்) வேலைக்கு அது வேண்டும். டோக்கனைத் திருப்பூர் சர்வரில் செருகி வைத்துவிட்டு ரிமோட் டெஸ்க்டாப்பில் உள்ளே வந்து தேடினால் தெரியாது. ரிமோட் செஷனுக்குள் தெரிவது உங்கள் முன்னால் இருக்கும் கணினியில் செருகியது மட்டுமே. நாங்கள் இது தெரியாமல் ஒரு மதியம் முழுக்க டிரைவரை அழித்து அழித்துப் போட்டோம். ஷிப்பிங் பில் வேலையை ரிமோட்டுக்குள் கொண்டுபோகாமல் தூத்துக்குடிக் கணினியிலேயே நேராகச் செய்யட்டும். வெசல் கட்-ஆஃப் அன்று சர்வர் நின்றாலும் அவர்கள் நிற்க மாட்டார்கள்.

டாட் மேட்ரிக்ஸ் பிரிண்டர் இருந்தால் அதையும் முன்கூட்டியே சோதியுங்கள். ரிமோட் வழியாக அது எழுத்தைப் படமாக அச்சடிக்கத் தொடங்கினால் ஒரு செலானுக்கு இரண்டு நிமிடம் ஆகும்.

பழைய அட்மின் (கோவை)

எல்லோரும் முக்கால்வாசி சொல்லிவிட்டார்கள், பெட்டியை மட்டும் நான் சொல்கிறேன்.

டவர் வகை சர்வர் ஒன்று. விண்டோஸ் சர்வர் ஸ்டாண்டர்டுக்கு எப்படியும் குறைந்தது 16 கோருக்கு உரிமம் வாங்கியே ஆக வேண்டும், அதனால் 16 கோர் வரை போகலாம், அதைத் தாண்ட வேண்டாம். 64 ஜி.பி. நினைவகம். டாலிக்கும் தரவுத்தளத்துக்கும் இரண்டு என்டர்பிரைஸ் எஸ்.எஸ்.டி. மிரர். மின்சாரம் போகும்போது எழுதிக்கொண்டிருந்ததைக் காப்பாற்றும் வசதி உள்ளதாகப் பார்த்து வாங்குங்கள். கடையில் கிடைக்கும் சாதாரண எஸ்.எஸ்.டி. வேண்டாம். படங்களுக்கு இரண்டு பெரிய ஹார்டு டிஸ்க் மிரர்.

அடியில் ப்ராக்ஸ்மாக்ஸ் (ஒரே பெட்டியில் பல மெய்நிகர் சர்வர்களை ஓட்டும் மென்பொருள்) போட்டு, மேலே இரண்டு விண்டோஸ். ஒரு ஸ்டாண்டர்டு உரிமத்தில் இரண்டு மெய்நிகர் சர்வர் ஓட்டலாம். ஒன்றில் டொமைன், கோப்புகள், சம்பளத் தரவுத்தளம். இன்னொன்றில் ரிமோட் டெஸ்க்டாப்பும் டாலியும். இரண்டையும் ஒன்றாகக் கலக்காதீர்கள், ஆட்கள் உட்கார்ந்து வேலை செய்யும் இடத்தில் டொமைன் இருக்கக் கூடாது.

உரிமத்தில் பலர் வழுக்குவது இங்கேதான். சர்வர் சி.ஏ.எல். (சர்வரைப் பயன்படுத்தும் ஆளுக்கோ கருவிக்கோ வாங்கும் உரிமம்) வேறு, ரிமோட் டெஸ்க்டாப் சி.ஏ.எல். வேறு, இரண்டும் வேண்டும். இரண்டாவதை வாங்காமல் விட்டாலும் முதல் 120 நாள் ஓடும். 121-ம் நாள் காலையில் யாரும் உள்ளே போக முடியாது, அன்று வேண்டர் போனை எடுக்க மாட்டார். பெருந்துறை ஷிஃப்ட் கணினிக்கு ஆள் கணக்கில் வாங்காமல் கருவிக் கணக்கில் வாங்குங்கள், மூன்று பேருக்கு ஒன்று போதும்.

மேகத்துக்காரன் (சென்னை)

நான் கேட்ட கேள்விக்குப் பதில் கிடைத்துவிட்டது, இந்தக் கம்பெனிக்குத் திருப்பூரே சரி. ஒரு சேர்க்கை மட்டும்: நாஸிலிருந்து டாலி, சம்பளம் இரண்டின் பிரதியை மட்டும் பூட்டி (சாவி இல்லாமல் படிக்க முடியாதபடி மாற்றி) மும்பைக் கிளவுடுக்கும் அனுப்புங்கள். அளவு சிறியது, செலவும் கொஞ்சம்தான். திருப்பூரும் பெருந்துறையும் ஒரு மணி நேரப் பயணத்துக்குள் இருக்கும் ஊர்கள், ஒரே பேரிடர் இரண்டையும் சேர்த்துத் தாக்கலாம்.

நூல்கண்டு (திருப்பூர்)

மூன்று மாதம் கழித்து எழுதுகிறேன், மன்னிக்கவும். நீங்கள் சொன்னபடி ஒரே சர்வர் வாங்கிவிட்டோம். மே மாதம் 21-ம் தேதி, தாக்கல் முடிந்த மறுநாள், மாற்றினோம். ஐ.பி. முகவரிகளை அதற்கு முன்பே ஒரு ஞாயிறு உட்கார்ந்து மாற்றியது பெரிய உதவி.

பெருந்துறை நன்றாகப் போகிறது. தூத்துக்குடியில் 4ஜிக்கு மாறும்போது மட்டும் இணைப்பு வரும், திரை கறுப்பாக நின்றுவிடும். நெட்வொர்க் தம்பிக்குத் தனிச் செய்தி போட்டேன். வயர்கார்டின் எம்.டி.யு. (ஒரு பொட்டலத்தில் போகும் தரவின் அதிகபட்ச அளவு) 1420 என்று இருந்ததை 1280 ஆக்கச் சொன்னார், உடனே சரியானது. தம்பிக்கு நன்றி.

பஞ்சு மில் ஐயா சொன்ன கதையை நினைத்து ஒரு ஞாயிறு பேக்கப்பிலிருந்து மீட்டுப் பார்த்தோம். ஒரு பழைய கணினியில் நாஸிலிருந்து டாலி, சம்பளத் தரவு இரண்டையும் எடுத்தோம். டாலி வந்தது. சம்பளத் தரவுத்தளம் திறக்கவே இல்லை. ஓடிக்கொண்டிருக்கும்போது அந்தக் கோப்பை அப்படியே நகல் எடுத்திருக்கிறோம், அது பாதி எழுதிய நிலையில் இருந்திருக்கிறது. 40 நாளாக ஒவ்வொரு இரவும் "வெற்றி" என்று செய்தி வந்துகொண்டிருந்தது. பார்த்ததும் எனக்குக் கை நடுங்கிவிட்டது. இப்போது இரவு 10 மணிக்குத் தரவுத்தளமே தன் பேக்கப்பை ஒரு கோப்பாக எழுதும், 11 மணிக்கு நாஸ் அதை எடுக்கும். அடுத்த ஞாயிறு மறுபடி மீட்டோம், இரண்டும் திறந்தன. மொத்தம் 1 மணி 50 நிமிடம்.

பஞ்சு மில் (பல்லடம்)

மனசு நிறைந்தது தம்பி. அந்தச் சோதனையை மூன்று மாதத்துக்கு ஒரு முறை வையுங்கள், ஒவ்வொரு முறையும் வேறு ஆள் செய்யட்டும். இன்னொரு கேள்வி. ப்ராக்ஸ்மாக்ஸ், நாஸ், ரவுட்டர் கடவுச்சொற்கள் உங்கள் தலைக்குள் மட்டும் இருக்கின்றனவா?

நூல்கண்டு (திருப்பூர்)

நேற்று வரை அப்படித்தான் ஐயா. இன்று எல்லாவற்றையும் காகிதத்தில் எழுதி, வரைபடத்தோடு உறையில் போட்டு ஒட்டி, மேலே கையெழுத்துப் போட்டு முதலாளி வீட்டு பீரோவில் வைத்துவிட்டு வந்தேன். நாஸைப் பூட்டும் சாவி வரியும் அதிலேயே இருக்கிறது. அடுத்த சோதனையைப் பெருந்துறை ஸ்டோர் அக்கா அந்த உறையை மட்டும் வைத்துக்கொண்டு செய்யப் போகிறார். செப்டம்பர் இரண்டாவது ஞாயிறு என்று நாள் குறித்திருக்கிறோம், எப்படிப் போனது என்று இங்கேயே எழுதுகிறேன்.